இரண்டாவது நாய்: 6 வயது ஷ்னாவ்சருக்கு எது துணையாகப் பொருந்தும்?

பாசிர்ரிஸ்_கதிர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இப்போது ஒரு மினியேச்சர் ஷ்னாவ்சர். ஆண், 6 வயது, 8 கிலோ, கருத்தடை செய்தது. சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸில் சொந்தக் கூட்டுரிமை வீடு (தனியார் காண்டோமினியம்), மூன்று படுக்கையறை. நான், மனைவி, 11 வயது மகள், இல்லப் பணிப்பெண். நானும் மனைவியும் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகிறோம்.

இரண்டாவது நாய்க்கு இரண்டு யோசனைகள். ஒன்று, டாய் பூடில் குட்டி. மற்றொன்று, காப்பகத்தில் இருக்கும் சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். பெண், சுமார் 3 வயது, 16 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது.

இவனைப் பற்றி: நடையில் வேறு நாய் எதிரே வந்தால் குரைப்பான். பத்து மீட்டர் தள்ளிப் போனால் அமைதியாகிவிடுவான். மென்று தின்னும் எலும்பு கொடுத்தால் பக்கத்தில் போனவர்களைப் பார்த்து உறுமுவான். நாங்கள் கிளம்பினால் கதவருகே உட்கார்ந்து ஊளையிடுவான். ஒரு துணை வந்தால் ஊளை நிற்குமா என்பதும் ஒரு காரணம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_மாறன்

முதலில் சட்டம். தனியார் வீட்டில் நாய் பூனை எல்லாம் சேர்த்து மூன்று வரை வைத்துக்கொள்ளலாம், அதனால் உங்களுக்குத் தடை இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் தனி உரிமம், மைக்ரோசிப் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஓராண்டு உரிமம் 15 வெள்ளி (டாலர்), செய்யாததற்கு 90 வெள்ளி. காப்பக நாயை எடுத்தால் மைக்ரோசிப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற மறக்காதீர்கள்.

கூட்டுரிமை நிர்வாகத்தின் உள்விதிகளையும் வாங்கிப் படியுங்கள். எந்த மின்தூக்கி, எந்தப் புல்வெளி, பொது இடத்தில் என்ன கட்டுப்பாடு என்று ஒவ்வொரு இடத்திலும் மாறும். பிறகு ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: நாளை வீட்டை விற்று வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கே இரண்டு நாய்க்கு இடமில்லை. நாய் 14, 15 வருஷம் வாழும். அத்தனை காலத்தையும் வைத்து முடிவெடுங்கள்.

தங்கமீன்

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் வீவக ஐந்தறை வீடு, ஒரு மால்டீஸ் இருக்கு. இரண்டாவதை அம்மா பெயரில் உரிமம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? சிலர் அப்படிச் செய்யலாம்னு சொல்றாங்க.

உட்லண்ட்ஸ்_மாறன்

முடியாதுங்க. கணக்கு வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை. வீவக வீட்டுக்கு ஒரே ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்கணும். உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கான அடோர் திட்டத்தில் எடுத்தாலும் அதே ஒன்றுதான். தோள் உயரம் 55 செ.மீ.க்குள் இருக்கணும், பயிற்சி வகுப்பு போகணும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். அதைவிடக் கொடுமை, பழகிய நாயை வேறு வீடு தேடி அனுப்ப வேண்டி வரும். உங்களுக்கு இன்னொரு விலங்கு வேண்டும் என்றால், 2024 செப்டம்பர் முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை உரிமத்துடன் வைக்கலாம். மால்டீஸ் பூனையைத் துரத்தாமல் இருக்குமா என்பது தனி இழைக்கான விஷயம்.

நாலுகால்நலம்

கதிர், ஊளை விஷயத்தை முதலில் தீர்த்துவிட்டு மற்றதுக்குப் போகலாம். நீங்கள் இருவரும் கிளம்பிய பிறகு பணிப்பெண் வீட்டில் இருக்கும்போதும் ஊளையிடுகிறானா? ஒரு கேமரா வைத்துப் பாருங்கள். ஆள் இருந்தால் பேசாமல் இருக்கிறான், யாருமே இல்லாதபோது மட்டும்தான் ஊளை என்றால் அவனுக்குத் தனிமை பிடிக்கவில்லை. இன்னொரு நாய் ஓரளவு உதவலாம். பணிப்பெண் பக்கத்தில் இருந்தும் ஊளையிட்டால் அவன் தேடுவது உங்களை. அந்த இடத்தை எந்த நாயாலும் நிரப்ப முடியாது. புதிதாக வருவதும் அதைப் பார்த்துக் கதவருகே உட்காரப் பழகிவிட்டால், பக்கத்து வீட்டுப் புகார் இரட்டிப்பாகும்.

பாசிர்ரிஸ்_கதிர்

பணிப்பெண் இருந்தாலும் ஊளைதான் அக்கா. பத்துப் பதினைந்து நிமிடம் நீடிக்கும். பிறகு கதவருகிலேயே படுத்துவிடுவான்.

நாலுகால்நலம்

அப்படியானால் அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள், புது நாய் வருவதற்கு முன்பே. சாவியை எடுத்து மறுபடி வைப்பது, கதவைத் திறந்து மூடிவிட்டு உள்ளேயே இருப்பது, பிறகு பத்து விநாடி வெளியே, முப்பது விநாடி, ஒரு நிமிடம். ஊளை தொடங்கும் நேரத்துக்கு முன்னால் திரும்பி வரவேண்டும், அதுதான் அளவு. அவன் அரை மணி நேரம் நிம்மதியாக இருக்கும் நிலை வந்த பிறகு இரண்டாவது நாயைப் பற்றிப் பேசுங்கள். இருக்கும் நாயின் எந்தக் குறையும் புது நாய் வந்ததால் தானாகச் சரியாவதில்லை. பெரும்பாலும் புதுசுக்கும் தொற்றிக்கொள்ளும்.

செங்காங்_மாலா

கதிர் தம்பி, என் ஓட்டு குட்டிக்குத்தான். வளர்ந்த நாய்கள் குட்டியிடம் பொறுமையா இருக்கும். பூடில் முடி அதிகம் கொட்டாது, சீக்கிரம் கத்துக்கும், ஷ்னாவ்சர் அளவுக்கும் ஒத்துப்போகும். உங்க மகளுக்கும் கூடவே வளரும். காப்பக நாய் என்ன பயத்தோட வருதுன்னு நமக்குத் தெரியாது.

நாலுகால்நலம்

மாலா அக்கா, அந்தப் பொறுமைக்கு ஆயுள் குறைவு. குட்டிக்கு நாலைந்து மாதம் ஆகும்வரை பல நாய்கள் விட்டுக்கொடுக்கும். அதன்பின் கண்டிப்பு வரும். ஏழெட்டு மாதத்தில் குட்டி துடுக்கான விடலையாகும்போது உரசல் தொடங்கும். குட்டியாக இருக்கையில் இருந்த குணம் இரண்டு வயதில் அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மூன்று வயது நாயிடம் நீங்கள் பார்ப்பதுதான் ஏறக்குறைய கிடைப்பது. கூச்சமா, துடுக்கா, மற்ற நாயுடன் எப்படி, எல்லாம் வெளியே தெரியும்.

வேலையையும் கணக்குப் பாருங்கள். எட்டு பத்து வாரக் குட்டியைப் பகலில் இரண்டு மணிக்கொரு முறை சிறுநீருக்கு எடுத்துப் போகணும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கூடுதலாக. வார நாளில் அது முழுக்கப் பணிப்பெண் தலையில்தான் விழும்.

ஷ்னாவ்சர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த இனத்துக்கு இரத்தத்தில் கொழுப்பு ஏறுவதும் கணைய அழற்சியும் அதிகம். குட்டித் தீனியில் கொழுப்பு கூடுதல். அவன் தினமும் குட்டியின் கிண்ணத்தைத் துடைத்துவிட்டால் ஒருநாள் வாந்தியும் வயிற்று வலியுமாக மருத்துவமனைக்கு ஓட நேரும். குட்டியே எடுத்தாலும் கதவுக்குப் பின்னால் சாப்பாடு, பதினைந்து நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுவது, இரண்டும் கட்டாயம்.

செங்காங்_மாலா

கணைய விஷயம் சரிதான், ஷ்னாவ்சர்னா அதை யோசிக்கணும். ஆனா எடை? 16 கிலோ நாய் 8 கிலோ நாய் மேல விளையாட்டா விழுந்தாலே முதுகு போயிடும். குட்டி பக்கம்தான் இன்னும் நான் நிக்கிறேன்.

கிளமெண்டி_ரவி

எடை பற்றிய கவலை நியாயமானது. பெரியது சின்னதைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. இது சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. பூடில் பக்கமும் அதே கணக்கைப் போடுங்கள் அக்கா: வளர்ந்த டாய் பூடில் மூன்று நான்கு கிலோ, அங்கே இவன்தான் பெரியவன். எடையைவிட எப்படி விளையாடுகிறது என்பது முக்கியம். சில நாய்கள் ஓடித் துரத்தும், சில மல்லுக்கட்டும், சில தோளால் இடிக்கும். ஷ்னாவ்சர் கூச்சல் போட்டுக் குதிக்கும் இனம். அந்தச் சத்தத்தைப் பதற்றமாக எடுத்துக்கொள்ளும் நாய் அவனுக்குத் துணையாகாது. பெரிய நாய் சின்ன நாயின் கீச்சுச் சத்தத்தில் திடீரென்று வேட்டை மனநிலைக்குப் போவதும் உண்டு. காப்பகத்தில் அது பூனை, அணில், சின்ன நாய் இவற்றைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று கேளுங்கள். உடம்பு தாழ்ந்து, வாய் மூடி, கண் இமைக்காமல் பார்த்தால் வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பாலினம் பொருந்துகிறது. ஒரே வீட்டில் கடுமையாகச் சண்டையிடும் ஜோடிகளில் ஒரே பாலினம்தான் அதிகம், அதிலும் பெண்ணும் பெண்ணும் மோதினால் தணிவது கடினம். ஆணும் பெண்ணுமாக, இரண்டும் கருத்தடை செய்தவையாக இருப்பது நல்ல தொடக்கம். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஆண் நாய்க்கு இப்போதுதான் கருத்தடை செய்திருந்தால், அதன் பிறகும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கும். செய்தாச்சே என்று பருவத்தில் இருக்கும் பெண் நாயுடன் விட்டுவிடாதீர்கள்.)

காப்பகத்தில் கேட்க வேண்டியவை: இப்போது யாருடன் ஒரே அடைப்பில் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து நாய் வந்தால் என்ன செய்கிறது, மனிதர் தொட்டால் எங்கே கூசுகிறது, கயிற்றில் நடக்கிறதா, மின்தூக்கியில் ஏறியிருக்கிறதா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றும். தெருவிலோ தொழிற்பேட்டையிலோ பிறந்த நாய்க்கு மின்தூக்கிக் கதவு பயங்கரம். பத்தாவது மாடியில் இருப்பவருக்கு அதுவே தினசரிப் போராட்டம்.

பல அமைப்புகள் சில வாரம் வளர்ப்புப் பராமரிப்பாக வைத்துப் பார்க்க விடும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

பாசிர்ரிஸ்_கதிர்

பயனுள்ள தகவல்கள். எலும்புக்கு உறுமுகிறான் என்றேனே, அது எவ்வளவு பெரிய தடை?

கிளமெண்டி_ரவி

எலும்புக்கு மட்டுமா, கிண்ணத்துக்கும் சோபாவுக்கும் உங்கள் மடிக்கும் சேர்த்தா என்பதைப் பொறுத்தது. எலும்புக்கு மட்டும் என்றால் நிர்வகிக்கலாம்: இனி மெல்லும் பொருள் எல்லாம் கூண்டிலோ மூடிய அறையிலோ மட்டும். இடத்துக்கும் ஆளுக்கும் சேர்த்து உறுமினால் முதலில் பயிற்சியாளரிடம் போங்கள். மடியைக் காக்கும் நாய் இருக்கும் வீட்டில், உங்கள் மகள் புது நாயைக் கட்டிப்பிடிக்கும் அந்த நொடியில் கடி நடக்கும், கடிபடுவது பிள்ளையாக இருக்கலாம்.

உண்ணி_எதிரி

காப்பக நாய் என்றால் உண்ணியும் நோயும் என்று பலர் பயப்படுகிறார்கள். பரிசோதித்தால் பயம் பாதி குறையும். வீட்டுக்குள் வரும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

இரத்தத்தில் 4டிஎக்ஸ் பரிசோதனை: இதயப்புழு, உண்ணிக் காய்ச்சல் கிருமிகளான எர்லிக்கியா, அனாபிளாஸ்மா இவற்றைக் காட்டும். உண்ணி பரப்பும் இன்னொரு இரத்த ஒட்டுண்ணியான பபீசியா அதில் வராது, இரத்தப் பூச்சுச் சோதனை தனியாகக் கேளுங்கள். இதயப்புழு தொற்றி ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத்தான் சோதனையில் தெரியும், அதனால் இன்று இல்லை என்று வந்தாலும் ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள். இங்கே ஆண்டு முழுவதும் கொசு இருப்பதால் மாதாந்திரத் தடுப்பு மருந்தை நிறுத்தக்கூடாது, பழைய நாய்க்கும்தான்.

மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா பாருங்கள். கூட்டமாக வாழ்ந்த நாய்களிலும் கடைக் குட்டிகளிலும் அது சாதாரணம். முதல் இரண்டு வாரம் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பான். கொட்டில் இருமல் தொற்றியிருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

குட்டி எடுத்தால் பார்வோ என்ற உயிர்கொல்லி வைரஸ் பெரிய பயம். 16 வாரம் வரை தடுப்பூசித் தொடர் முடியணும். அதுவரை புல்வெளியில் இறக்காமல் தூக்கிக்கொண்டு உலகத்தைக் காட்டுங்கள். பார்வோ தரையில் மாதக்கணக்கில் இருக்கும். சோப்புத் தண்ணீரால் சாகாது. அழுக்கைக் கழுவிவிட்டு, ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

நாலுகால்நலம்

முதல் சந்திப்பு பற்றி விரிவாக எழுதுகிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வீட்டுக்குள் வேண்டாம். தாழ்வாரத்தில், மின்தூக்கி முன்னால் வேண்டவே வேண்டாம்; விலகிப்போக இடமில்லாத இடத்தில் நாய்க்கு மிச்சமிருப்பது சண்டை ஒன்றுதான். நாய் ஓடுகளமும் சரிப்படாது. அங்கே முன்பின் தெரியாத நாய்கள், அவிழ்த்துவிட்ட கயிறு, ஏகப்பட்ட வாசனை. அகலமான பூங்கா இணைப்புப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழரைக்கு முன் அல்லது இரவு ஏழுக்கு மேல்; சூடான தரையில் நிற்கும் நாய் எரிச்சலில் இருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்காதீர்கள்.

ஆளுக்கொரு நாய், இரண்டு மீட்டர் கயிறு, கழுத்துப்பட்டைக்குப் பதிலாக ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார்). இழுத்தால் நீண்டு தானாகச் சுருளும் கயிறு கூடாது. கதிர், உங்கள் நாய்க்குப் பத்து மீட்டரில் அமைதி என்றீர்கள். ஆகவே பதினைந்தில் தொடங்குங்கள். இருவரும் ஒரே திசையில் இணையாக நடக்கவேண்டும், நேருக்கு நேர் அல்ல. மற்ற நாயைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் சின்னத் துண்டுத் தீனி. இருபது நிமிடத்தில் இரண்டும் தரையை முகர்ந்து, வாய் லேசாகத் திறந்து, கயிறு தளர்ந்து இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள். ஒரு நாய் போன வழியில் மற்றதை நடத்தி, அது விட்ட வாசனையை முகர விடுங்கள்.

பக்கவாட்டில் வளைந்து வந்து பின்பக்கத்தை முகர்ந்தால் மூன்று விநாடி விட்டு, இனிமையான குரலில் அழைத்துப் பிரிக்கவும். கயிற்றை இறுக்காதீர்கள், இறுகிய கயிறு நாயின் நெஞ்சை நிமிர்த்தி, சவால் விடும் தோற்றத்தைக் கொடுத்துவிடும். உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது, மற்றதன் தோள்மேல் தாடையை வைப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது, இவற்றில் ஒன்று கண்டாலும் விலகி நடங்கள். வால் ஆடுவதை மட்டும் நம்பவேண்டாம். உயரத் தூக்கி வெடுக்வெடுக்கென்று ஆடும் வால் பதற்றம். ஷ்னாவ்சருக்குப் புருவமும் தாடியும் முகத்தை மறைக்கும். சந்திப்புக்கு முன் கண்மேல் முடியைக் குறைத்து வெட்டிவிடுங்கள், மற்ற நாய்க்கும் உங்களுக்கும் அவன் முகம் புரியும்.

இப்படி வெவ்வேறு நாளில் மூன்று நான்கு நடை. அதன்பிறகுதான் வீடு.

புக்கிட்பாஞ்சாங்_செல்வா

ரொம்பப் பெரிசா யோசிக்கிறீங்க. ரெண்டையும் ஹால்ல விட்டா ஒரு நாள் உறுமும், ஒரு நாள் கடிச்சுக்கும், யார் பெரியவன்னு முடிவாயிடும்.

கிளமெண்டி_ரவி

செல்வா, இந்த அறிவுரையை யாரும் பின்பற்றக்கூடாது என்று அழுத்தியே சொல்கிறேன். சண்டை போட்டு முடிவாவதில்லை, ஒவ்வொரு சண்டையும் அடுத்ததைச் சுலபமாக்கும். 8 கிலோவும் 16 கிலோவும் மோதினால் ஒரு கடியிலேயே கழுத்தும் கண்ணும் போகலாம். உறுமலை அடக்காதீர்கள் என்பது உண்மை, அது எச்சரிக்கை. உறுமியதும் நாம் செய்ய வேண்டியது இடைவெளி கொடுப்பது. உறுமியதற்குத் திட்டினால் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும்.

சண்டை வந்தேவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நுழைக்காதீர்கள், அங்கேதான் மனிதர்கள் கடிபடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அட்டையையோ சமையல் தட்டையோ சொருகுங்கள். கனமான துண்டை முகத்தில் போடுங்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடையோடு தூக்கிப் பின்னோக்கி நகரலாம். பிரித்ததும் தனித்தனி அறை, அன்று முழுக்கச் சந்திப்பு கிடையாது. முடிக்குள் பல் துளை தெரியாது, தடவிப் பாருங்கள். துளைக் காயம் சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

புக்கிட்பாஞ்சாங்_செல்வா

எடை வித்தியாசத்தை நான் கணக்கில எடுக்கல. அந்த ரெண்டுக்கும் நீங்க சொல்ற வழிதான் சரி.

நாலுகால்நலம்

வீட்டுக்குள் முதல் மாதம். நாய் வரும் முன்பே பொம்மை, எலும்பு, கிண்ணம், அவனுக்குப் பிடித்த மெத்தை எல்லாம் எடுத்துவைத்துவிடுங்கள். புது நாயின் அறை வாசலில் 75 செ.மீ.க்குக் குறையாத கம்பித் தடுப்பு. சிங்கப்பூர் ஸ்பெஷல்கள் நன்றாகத் தாண்டும், 90 இருந்தால் நிம்மதி. முதலில் தடுப்பின்மேல் துணி போட்டுப் பார்வையை மறையுங்கள். வாசனை பழகட்டும், பிறகு பார்வை.

உண்ணி_எதிரி சொன்ன இரண்டு வாரத் தனிமையை இதற்கே பயன்படுத்தலாம். அந்த நாள்களில் வெளியே இணையாக நடக்கலாம், முகர்தல் வேண்டாம். மருத்துவர் சரி என்றபின் ஹாலில் சேர்ந்து ஐந்து நிமிடம், கயிறு தரையில் இழுபடும்படி. நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், களைத்துச் சிடுசிடுக்கும்வரை இழுக்காதீர்கள். ஆள் பார்க்காத நேரத்தில் சேர்த்து விடாதீர்கள். குளிக்கப் போகும் பத்து நிமிடமும் அதில் அடங்கும்.

பிரச்சினை வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: முன்கதவு, சமையலறை வாசல், சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள சந்து. அழைப்புமணி அடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பாயும், அந்த வேகத்தில் ஒன்று மற்றதைக் கடிக்கும். மணி அடித்ததும் ஆளுக்கொரு பாயில் போய் உட்காரும் பழக்கத்தைத் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சேருங்கள். தீபாவளிக்கு உறவினர் கூட்டம் வரும்போது புது நாய் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் அறையிலேயே இருக்கட்டும். மேசைக்கடியில் விழும் ஒரு முறுக்குத் துண்டு போதும் சண்டைக்கு. பாயசத்துத் திராட்சை இரண்டுக்குமே விஷம்.

செங்காங்_மாலா

பணிப்பெண்ணை யாரும் கேட்கலையே. 16 கிலோ நாயையும் குரைக்கிற ஷ்னாவ்சரையும் ஒரே கையில பிடிச்சு அவங்களால நடக்க முடியுமா? அவங்களுக்கு நாய் பயமா, தொட விருப்பமா, முதல்ல கேளுங்க. தனித்தனி நடைன்னா தினமும் நாலு தடவை கீழே போகணும். அந்த நேரத்துக்கு எந்த வேலையைக் குறைப்பீங்கன்னும் அவங்களோட உட்கார்ந்து பேசணும். முதல் மூணு மாசம் அறிமுக நடையும் பயிற்சியும் நீங்களும் மனைவியும்தான் செய்யணும் தம்பி.

பாசிர்ரிஸ்_கதிர்

அதைக் கேட்காமல் இருந்தது சரியில்லை மாலா அக்கா, இன்றே பேசுகிறேன். எங்கள் திட்டம்: முதலில் ஊளைக்குப் பயிற்சி. கூடவே எலும்பு இனி கூண்டில் மட்டும். அது முடிந்தபின் காப்பகத்துப் பெண் நாயை இவனுடன் பூங்காவில் நடக்கவைத்துப் பார்ப்போம். குட்டி யோசனையை விட்டுவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி: இவன் எங்கள் படுக்கையறையில் தூங்குகிறான். புதுசு வந்தால் அவனை வெளியே மாற்றுவதா?

நாலுகால்நலம்

மாற்றாதீர்கள். அவன் இடம் அவனுக்கே இருக்கட்டும். புது நாய் முதல் சில இரவுகள் தன் அறையில், தடுப்புக்கு இந்தப் பக்கம் உங்களில் ஒருவர் பாய் போட்டுப் படுத்தால் புலம்பல் குறையும். பிறகு பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹால் பக்கம் நகர்த்துங்கள். இரண்டும் ஒரே அறையில் தூங்குவதை மூன்றாவது நான்காவது மாதத்தில் யோசிக்கலாம், அப்போதும் படுக்கை தனித்தனி, கட்டில்மேல் இரண்டுக்கும் இடம் வேண்டாம்.